எலுமிச்சங்காய் நிறத்தில் பதினோரு கண்டு

எங்கள் வீட்டுப் பரணில் மூன்று சூட்கேஸ்களும் ஒரு வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டியும் இருக்கின்றன. எங்களிடம் வாஷிங் மெஷின் கிடையாது. அம்மா சமையல் வேலை பார்க்கும் வீட்டில் புதிதாக வாங்கியபோது பெட்டியை மட்டும் கேட்டுத் தூக்கி வந்தேன். நான்கிலும் இருப்பது நூல். உல்லன் நூல், பருத்தி நூல், இரண்டும் கலந்தது. எல்லாம் என்னுடையவை.

மந்தைவெளியில் ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை உள்ள வீடு. அறை அண்ணனுக்கும் அண்ணிக்கும். ஹாலில் அம்மாவும் நானும். பரண் அறைக்குள் இருப்பதால் நூல் எடுக்க வேண்டுமானால் அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் ஸ்டூலில் ஏற வேண்டும். "ஏறு ஏறு, ஆபீசரம்மா. உன் பேங்க் லாக்கரு பத்திரமாத்தான் கீது" என்பாள் அண்ணி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிவரை போனவள் நான் ஒருத்திதான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா அதுவும் போட மாட்டாள். அண்ணன் எட்டாவதோடு நின்று தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அதனால் எனக்கு வீட்டில் ஆபீசர் பட்டம். கேலிதான் என்றாலும் எனக்குப் பிடிக்கும். மறைக்க ஒன்றுமில்லை.

நூல் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால், ஆறாம் வகுப்பில் தொடங்க வேண்டும். மயிலாப்பூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. கைவேலை வகுப்புக்கு ஆளுக்கு இரண்டு கண்டு நூலும் ஒரு குரோஷா ஊசியும் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மா வேலை வீட்டில் கேட்டு வாங்கி வந்தாள். ஒரு பிளாஸ்டிக் பையில் மிச்சம் மீதி நூல். மெரூன் கொஞ்சம், நீலம் கொஞ்சம், ஏதோ ஒரு சாம்பல். மற்ற பெண்கள் ஒரே நிறத்தில் டீப்பாய் விரிப்பு போட்டார்கள். என்னுடையது மூன்று விரலுக்கு ஒரு நிறம் மாறியது. பின்னல் யாருடையதைவிடவும் சீராக இருந்தது. டீச்சரே சொன்னார். ஆனால் கண்காட்சியில் அதைப் பின்வரிசையில் வைத்தார்கள்.

அந்த வயதில் என் சட்டையும் பாவாடையும் அதே வீட்டிலிருந்துதான் வந்தன. அந்த வீட்டுப் பெண் என்னைவிட இரண்டு வயது பெரியவள். அவளுக்குச் சின்னதானவை எனக்குச் சரியாக இருக்கும். தீபாவளிக்கு மட்டும் புதுசு.

அதனால் முதல் சம்பளம் வந்தபோது மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் நூல் கடைக்குப் போய், ஒரே நிறத்தில் பன்னிரண்டு கண்டு வாங்கினேன். காகிதப் பட்டி பிரிக்காதவை. பட்டியில் சாய எண் அச்சிட்டிருக்கும். ஒரே நிறமாகத் தெரிந்தாலும் எண் மாறினால் போட்டு முடித்த பிறகு கோடு விழுந்ததுபோல வித்தியாசம் தெரியும். எனவே தேவைக்கு மேலேயே வாங்கிவிட வேண்டும். இது எல்லாக் குரோஷாக்காரிகளும் சொல்லும் நியாயம். பாதி உண்மை.

மீதி உண்மை என்னவென்றால், நான் ஒவ்வொரு நூலையும் ஒருவரை நினைத்து வாங்கினேன். பழுப்பு நூல் அப்பாவுக்கு. அவர் அடையாறில் ஒரு குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்தார். மார்கழிக்கு ஒரு மப்ளர் போட்டுத் தருவதாகச் சொன்னேன். "குத்தாத நூலா வாங்கு" என்றார். குத்தாத நூலாகத்தான் வாங்கினேன். ஒரு சாண் போட்டிருந்தபோது அப்பா போய்விட்டார். அந்த ஒரு சாண் இன்னும் ஊசியோடு இருக்கிறது. ஊதா நூல் கல்லூரித் தோழிக்கு. அவள் கல்யாணமாகி வெளிநாடு போனாள். வெள்ளை நூல் அம்மாவுக்கு ஒரு கைப்பைக்காக. "வெள்ளப் பைய வெச்சுக்கினு நான் மீன் மார்க்கெட்டுக்குப் போவட்டா?" என்று கேட்டாள். அதுவும் பெட்டிக்குப் போயிற்று. முடிக்காததை நினைத்து வருத்தப்படும் நாளில் இன்னும் இரண்டு கண்டு வாங்குவேன். கடைக்காரர் தெற்கத்திக்காரர். ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, ஊட்டிக்கு வீடு மாத்திட்டுப் போறியளா?"

"மெட்ராஸ்ல எவனுக்குடி சொட்டரு? எலி குட்டி போடத்தான் இம்மாம் நூலு" என்று அம்மா திட்டுவாள். ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை பரண் ஏறி, நாப்தலின் உருண்டை போட்டுவிட்டு இறங்குவதும் அம்மாதான்.

அண்ணி உண்டானது போன வருஷம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா அடுத்த வாரமே தன் வேலையைத் தொடங்கிவிட்டாள். சமைக்கும் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் பிள்ளைகள் போட்டுக் கழித்த துணிகளைக் கேட்டாள். சின்னச் சின்ன ஜிப்பா, தொட்டில் துணி, நைந்த டவல். எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி, வெயிலில் போட்டு, மடித்து வைத்தாள். எங்கள் பக்கம் பிறக்கப்போகும் குழந்தைக்கு முன்கூட்டியே புதுசு வாங்கவோ தைக்கவோ மாட்டார்கள். முதலில் உடுத்துவது பழசுதான். நன்றாக வளர்ந்த பிள்ளையின் பழசு. புதுசெல்லாம் தீட்டுக் கழிந்த பிறகு.

எனக்கு இது தெரியும். தெரிந்தும் அந்த மூட்டையைப் பார்த்தபோது உடம்பு எரிந்தது. அதில் ஒரு மஞ்சள் சட்டை இருந்தது. அதே வீட்டுச் சட்டை. என்னைப் பழசில் வளர்த்தவர்களின் பேரப்பிள்ளையுடையது. நான் சம்பாதிக்கிறேன், இந்த வீட்டுக் குழந்தையும் பழசிலா தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு அந்தத் துணிகளில் தெரிந்தது ஆயுசு. எனக்குத் தெரிந்தது ஏழ்மை மட்டும். இதை இன்றைக்கு எழுத முடிகிறது. அன்றைக்கு, எல்லாம் தெரிந்தவள் நான் என்றுதான் எண்ணம்.

மெல்லிய பருத்தி நூல், எலுமிச்சங்காயின் பச்சை நிறம். ஆணானாலும் பெண்ணானாலும் பொருந்தும். குழந்தைக்கு ஒரு போர்வை போடப் பதினோரு கண்டு வாங்கினேன், எல்லாம் ஒரே சாய எண். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் என் அலுவலகம் இருக்கும் திருவான்மியூர்வரை உட்கார இடம் கிடைக்கும். போகும்போது மூன்று வரிசை, வரும்போது மூன்று வரிசை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு. வீட்டுக்குப் போனால் பையைவிட்டு வெளியே எடுக்க மாட்டேன். ஓரத்துக்குச் சிப்பிபோல வளைவுகள் வைத்து முடித்தேன். என் வாழ்க்கையில் நான் முழுதாக முடித்த முதல் பெரிய வேலை அது. அப்பாவின் பழுப்பு நூல் இருந்த சூட்கேஸில் அடியில் வைத்தேன். குழந்தை பிறந்து முப்பதாம் நாள் எடுத்துக் கொடுப்பதாகத் திட்டம். அதில் யாருக்கு என்ன குறை?

ஆறாம் மாதத்தில் அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். நான்தான் ஓரத்தில் ஒரு நூல்முனை சரியாக உள்ளே சொருகவில்லை என்று நினைவு வந்து எடுத்து மடியில் வைத்திருந்தேன். அண்ணி புடவைகளுக்கு ஃபால்ஸ் அடிக்கிறவள். கையில் எடுத்ததுமே முதுகுப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே கீதே! யாருக்கு இது?"

போர்வை அண்ணியின் வயிற்றின்மேல் விரிந்திருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

"ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்களுக்கு, அண்ணி. அவங்களும் மாசமா இருக்காங்க."

"முன்கூட்டியே வாங்கிக்குவாங்களா?"

"அவங்க வீட்ல அதெல்லாம் பார்க்க மாட்டாங்க."

"குடுத்து வெச்ச கொழந்த" என்று சொல்லி, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தாள்.

வளைகாப்பு முடிந்து அண்ணி அசோக் நகரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். எட்டாம் மாதத்தில் ஒருநாள் காலையில் குழந்தை அசையவில்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது துடிப்பு இல்லை. பெண் குழந்தை. காரணம் இன்னதென்று சொல்ல முடியவில்லை, சில சமயம் இப்படி ஆகிவிடுவதுண்டு என்றார் டாக்டர். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, டாக்டர் எழுதித் தந்த காகிதத்தைக் கொடுத்து, "இன்னான்னு போட்டுக்கீது, படிச்சுச் சொல்லு" என்றான். வார்த்தை வார்த்தையாகப் படித்துத் தமிழில் சொன்னேன். படித்தவளாக இருந்ததை நான் வெறுத்தது அன்று ஒருநாள்தான்.

அம்மா பழந்துணி மூட்டையை எங்கே கொண்டுபோனாள் என்று தெரியாது. ஒரு சாயங்காலம் அது இருந்த இடம் காலியாக இருந்தது. போர்வை மட்டும் பரணில் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

போர்வைக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரின் காகிதத்தைப் படித்தவள் நான். ஆனாலும் பறக்கும் ரயிலில் உட்கார்ந்தால் விரல்கள் தானாக வரிசைகளை எண்ணின. எந்த வளைவைப் போட்டபோது குழந்தை எந்த வாரத்தில் இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தன.

ஒரு மாதம் கழித்து அண்ணி திரும்பி வந்தாள். இரண்டாம் நாள், ஃபால்ஸ் அடித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

"உன் கூட வேல செய்றவங்களுக்குக் கொழந்த பொறந்துடுச்சா?"

பிறக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் வேலையை விட்டுவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். நான், "பொறந்துடுச்சு, அண்ணி" என்றேன்.

"இன்னா கொழந்த?"

"பொண்ணு."

"போர்வ போத்தறாங்களா?"

"தினமும்."

ஊசியை இரண்டு முறை குத்தி எடுத்தாள். "நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அன்றோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கேட்டாள். மூன்றாம் மாதம் தலை நின்றுவிட்டதா என்றாள். நின்றுவிட்டது என்றேன். குப்புற விழுந்துவிட்டதா என்றாள். நான் அலுவலகத்தில் இணையத்தில் தேடிப் பார்த்து, எந்த மாதம் எது என்று தெரிந்துகொண்டு பதில் சொன்னேன். ஒருமுறை சளி என்று சொன்னேன். அதற்கு அண்ணி துளசிச் சாறு சொல்லி அனுப்பினாள். கேட்கும்போது அவள் முகத்தில் இருந்தது பொறாமை இல்லை, அழுகையும் இல்லை. அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. புரியாததையும் நல்லதுக்கு என்று எடுத்துக்கொண்டேன். அண்ணி தேறி வருகிறாள் என்று அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

ஏழாம் மாதம் பல் முளைத்துவிட்டது என்று சொன்ன மறுநாள் காலை, நான் கிளம்பும்போது அண்ணி ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினாள்.

"பல்லுக் கொழுக்கட்ட. காலையில எழுந்து பண்ணேன். அந்தக் கொழந்த தலையில கொட்டச் சொல்லு. பல்லு ஒழுங்கா வரிசையா மொளைக்கும்."

தேங்காயைப் பல் பல்லாக நறுக்கிப் போட்டிருந்தாள். டப்பா இன்னும் சுட்டது. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். எங்காவது விட்டுவிடலாமா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நினைத்தேன். விட முடியவில்லை. மதியம் அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன். "என்னப்பா விசேஷம்?" என்றார்கள். "சும்மா" என்றேன். நானும் இரண்டு தின்றேன். இனிப்பு சரியாக இருந்தது.

சாயங்காலம் அண்ணி காலி டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தாள்.

"தலையில கொட்டினாங்களா?"

"கொட்டினாங்க."

"அழுதுச்சா?"

"சிரிச்சுது, அண்ணி."

அவள் டப்பாவை உடனே கழுவவில்லை. மேடைமேல் மூடிவைத்தாள்.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாமல் பெய்து, பரண் பக்கத்துச் சுவர் ஊறிவிட்டது. நடுவில் ஒரு சனிக்கிழமை வெயில் அடித்தது. எனக்கு அரை நாள் வேலை. மதியம் வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. மேலே பேச்சுச் சத்தம். மொட்டை மாடிக்குப் போனேன்.

மாடி முழுக்கப் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் என் நூல் அத்தனையும் பரப்பிக் கிடந்தது. அதை நான் ஒரே இடத்தில் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டம்மா, "இன்னா, கடை போடப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். "எம்பொண்ணு சொத்துமா இது" என்றாள் அம்மா. சொன்னவளுக்குப் பெருமைதான் என்று குரலில் தெரிந்தது. ஈரமான கண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணி தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போர்வை.

"இது அந்தப் போர்வதானே?"

"ஆமா, அண்ணி."

"திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

வழியை அவளே திறந்துவைத்தாள். ஆமாம், குழந்தைக்குச் சின்னதாகிவிட்டது, ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று சொன்னால் போதும். அந்த வாக்கியம் முழுசாக என் வாயில் இருந்தது. ஆனால் அவள் போர்வையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். ஒரு குழந்தையின் வாசனையைத் தேடினாள். அதில் நாப்தலின் வாசனை மட்டும்தான் இருந்திருக்கும்.

"குடுக்கவே இல்ல, அண்ணி. உங்களுக்குத்தான் போட்டேன். நம்ம பாப்பாவுக்கு."

அம்மாவின் கை நின்றது. "இன்னாடி சொல்ற? பொறக்கறதுக்கு முந்தியா?"

அண்ணி அவளைப் பார்க்கவில்லை. "அப்போ அந்தக் கொழந்த?"

"அப்படி ஒரு கொழந்தை இல்ல."

"பல்லு மொளச்சுச்சுன்னு சொன்னியே?"

நான் காலருகே கிடந்த ஒரு கண்டைத் திருப்பிப் போட்டேன்.

"கொழுக்கட்டைய யாரு துன்னது?"

"ஆபீஸ்ல எல்லாரும். நானும்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "படிச்ச கழுத, படிச்ச கழுத! புதுசு பண்ணி வெச்சிருக்கா பாரு, வீட்டுக்குள்ளயே..."

"அத்தே, சும்மா இருங்க" என்றாள் அண்ணி. "போர்வையால ஒண்ணும் ஆவல. நான் ஒம்போதாவதுதான் படிச்சேன், அதுக்குனு அவ்ளோ மக்கு இல்ல." பிறகு என்னைப் பார்த்தாள். "அந்தக் கொழந்த தவழுதுன்னா எம்பொண்ணும் இந்நேரம் தவழ்ந்திருப்பான்னு நெனச்சுக்கினு இருந்தேன். அதுக்குப் பல்லுன்னா இவளுக்கும் பல்லு. அப்டியே வளத்துக்கினு வந்தேன். நீ இப்போ இல்லன்ற."

மன்னிப்புக் கேட்டேன். எந்த வார்த்தைகளில் என்று நினைவில்லை. அவள் போர்வையை என் பக்கம் தள்ளினாள்.

"பிரி."

"அண்ணி..."

"எங்கண்ணு முன்னாடி பிரி."

"நல்லாத்தானே கீது, யாருக்காச்சும் குடுத்துடலாமே" என்றாள் அம்மா.

"யாருக்கு? அதுக்கும் இவ ஒரு கத சொல்லுவா."

கடைசி முடிச்சைத் தேடி நகத்தால் நெம்பினேன். முதலில் சிப்பி ஓரம் பிரிந்தது. குரோஷா போடுவதற்கு மாதக்கணக்காகும், பிரிப்பதற்கு இழுத்தால் போதும். ஒரு வரிசை போக ஒரு மூச்சு. கண்டு மாறிய இடங்களில் மட்டும், யாருக்கும் தெரியாமல் உள்ளே சொருகி வைத்திருந்த முனைகளை ஊசியால் கிளற வேண்டியிருந்தது. அந்த இடங்களில் நேரமானது. அண்ணி அவசரப்படுத்தவில்லை, உதவிக்கும் வரவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்த நூல் நேராக இல்லை, ஒவ்வொரு பின்னலின் வளைவோடும் சுருண்டு சுருண்டு வந்தது. உருண்டையாகச் சுற்றிச் சுற்றி வைத்தேன். மேற்கே மறுபடி கருக்கத் தொடங்கியபோது, போர்வையைத் தொடங்கிய முதல் சங்கிலிப் பின்னல் வந்தது. அதுவும் ஒரு இழுப்பில் போயிற்று. முதல் முடிச்சு என் விரலிலேயே அவிழ்ந்தது. கையில் ஒன்றும் மிச்சமில்லை.

அண்ணி எழுந்து உருண்டைகளை எண்ணினாள். "பதினொண்ணு. தூக்குங்க அத்தே, மழ வருது" என்றாள். மூன்று பேருமாகப் பெட்டிகளைக் கீழே இறக்கினோம்.

அதன் பிறகு அண்ணி என்னோடு சண்டை போடவில்லை. சாப்பாடு போடுகிறாள், அண்ணன் வர நேரமாகும் என்று சொல்கிறாள். ஆபீசரம்மா என்று கூப்பிடுவதில்லை. என் அலுவலகத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. பரண் ஏற வேண்டும் என்றால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். அம்மா இரண்டு நாள் சாபம் விட்டாள், பிறகு அண்ணன் காதுக்குப் போகக் கூடாது என்று அவளே வாயை மூடிக்கொண்டாள். நான் ஒருமுறை நூல் கடைக்குப் போனேன். மாதுளை நிறத்தில் புது நூல் வந்திருந்தது. கடைக்காரர் வழக்கம்போல, "இது யாருக்கும்மா?" என்றார். வாங்காமல் வந்துவிட்டேன்.

அந்தப் பதினோரு உருண்டைகளுக்கும் பட்டி இல்லை, சாய எண் இல்லை. தனியாக ஒரு பழைய தலையணை உறையில் வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பரணில் எதையோ எடுக்கப் போனபோது உறை நழுவிக் கீழே விழுந்து, ஓர் உருண்டை தரையில் ஓடிப் பிரிந்தது. அண்ணி ஜன்னல் பக்கம் ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை வெளியே போகவில்லை. நூல் அவள் காலருகே போயிருந்தது. குனிந்து எடுத்தாள். சுருளை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள், விட்டாள். அது மறுபடி சுருண்டது.

"தண்ணில நனைச்சுக் காயப் போட்டா இது நேராயிடுமா?"

"ஆயிடும், அண்ணி. கொஞ்சம் கனம் கட்டித் தொங்கவிடணும்."

யோசித்தாள். பிறகு நூலைச் சுற்றி, உருண்டையாக்கி, உறைக்குள் அவளே போட்டாள்.

"வேணாம். நனைக்காத" என்றாள்.